ஜாக்கியின் எடை தெரிகிறது, குதிரையின் எடை?

பிரிட்டனில் ஃப்ளாட் பந்தயங்களை (தடைகளைத் தாண்டாமல் சமதளத்தில் ஓடும் குதிரைப் பந்தயங்களை) ஆளும் நிர்வாகிகளுக்கும், பந்தய மைதானங்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஏப்ரலில் நடந்த ஓர் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். மைதானத்தின் பெயரும் குதிரையின் பெயரும் இங்கே வேண்டாம். ஒவ்வொரு வசந்தத்திலும் இப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மூன்று வயது ஆண் குதிரை. போன அக்டோபரில் ஒரே ஓர் ஓட்டம், அதில் இரண்டாவது இடம். பாதி தூரம் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத் தடுமாறிய குதிரை, கடைசி ஃபர்லாங்கில் (சுமார் 200 மீட்டரில்) திடீரென்று விஷயம் புரிந்ததுபோல நீட்டி ஓடியது. குளிர்காலம் முழுக்க அதற்காகக் காத்திருந்தேன். திரும்பி வந்த அன்று காலையில் அதுதான் ஃபேவரிட், ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பிய குதிரை. ஆனால் ஓட்டத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஆட்ஸ் (பந்தயப் பண விகிதம்) ஏறிக்கொண்டே போனது, அதாவது அதன் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. கடைசியில் ஏழாவதாக வந்தது. அன்று மாலை பயிற்சியாளர் சொன்னார்: குளிர்காலத்தில் நன்றாகச் சதை பிடித்துவிட்டது, உடம்பு இறங்க இந்த ஓட்டம் தேவைப்பட்டது என்று.

அவர் பொய் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து அதே குதிரை சுலபமாக ஜெயித்தது. சதை பிடித்திருப்பது அவருக்கு முன்பே தெரியும். ஆட்ஸ் நகர்ந்த விதத்தைப் பார்த்தால் வேறு சிலருக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. எங்களுக்கு மட்டும் ஓட்டம் முடிந்த பிறகு தெரிந்தது.

கேட்பது ஒன்றுதான். ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு குதிரையையும் மைதானத்திலேயே எடை போடுங்கள். அந்த எடையையும், முந்தைய ஓட்டத்தில் இருந்ததைவிட எத்தனை கிலோ கூடியது அல்லது குறைந்தது என்பதையும் எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள்.

உங்கள் பந்தயம் எடையின் மேலேயே நிற்கிறது. ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறாமல் குதிரை மேல் ஏற முடியாது. முதல் இடங்களில் வந்தவர்கள் இறங்கியதும் மறுபடி தராசில் ஏற வேண்டும். எடை சரி என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகுதான் முடிவு முடிவாகிறது. ஒரு பவுண்டுக்கு மேல் குறைந்திருந்தால் ஜெயித்த குதிரையே வெற்றியை இழக்க நேரிடும். மேலே உட்காரும் 57, 58 கிலோவுக்கு இவ்வளவு காவல். கீழே ஓடும் 450, 500 கிலோ உடம்பைப் பற்றி ரேஸ் அட்டையில் (அன்றைய ஓட்டங்களின் விவரப் பட்டியலில்) ஒரு எண்கூட இல்லை. ஜப்பானில் ஒவ்வொரு குதிரையின் எடையையும், முந்தைய ஓட்டத்திலிருந்து அது எவ்வளவு மாறியது என்பதையும் ஓட்டத்துக்கு முன் அறிவித்துவிடுகிறார்கள். ஹாங்காங்கிலும் எடையை வெளியிடுகிறார்கள். அங்கே ரேஸ் நின்றுபோய்விடவில்லை, பயிற்சியாளர்களும் தொழிலை விட்டு ஓடிவிடவில்லை.

சீசன் முழுக்கவே இது பயன்படும். ஆனால் தொடக்க வாரங்களில் இது இல்லாமல் நாங்கள் படும் பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதலில் டான்காஸ்டரில் லிங்கன் ஹேண்டிகேப்போடு (ஹேண்டிகேப் என்றால் திறமைக்கேற்பக் குதிரைகளுக்கு எடை சுமத்தும் ஓட்டம்) புல்தரை சீசன் திறக்கிறது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கு அங்கேதான் பிராக்கிள்ஸ்பி ஓட்டம், 5 ஃபர்லாங். அவற்றில் பெரும்பாலானவற்றை அதற்கு முன் பொதுமக்கள் யாரும் பார்த்ததே இல்லை. ஏப்ரல் நடுவில் நியூமார்க்கெட்டில் கிரேவன், நியூபரியில் கிரீன்ஹாம், இரண்டும் கின்னீஸுக்கான முன்னோட்ட ஓட்டங்கள். மே தொடக்கத்தில் கின்னீஸ், மூன்று வயதுக் குதிரைகளுக்கான முதல் பெரிய ஓட்டம். அந்தச் சில வாரங்களுக்குள் ஆறு, ஏழு மாதமாக ஓடாத மூன்று வயதுக் குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அதில் எது வளர்ந்திருக்கிறது, எது வெறுமனே கொழுத்திருக்கிறது, எது அப்படியே நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வருடத்தின் பெரிய சந்தோஷம். பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கட்டாதவர்களும் இருக்கிறார்கள். நான் பெரும்பாலும் இரண்டாவது வகை. எல்லோரும் பெயர் சொல்லத் தொடங்கும் முன்பே ஒரு நல்ல குதிரையை அடையாளம் கண்டுகொள்வதுதான் எனக்கு முக்கியம்.

அதில் இருக்கும் சிரமத்தைப் பழைய பதிவுகளே சொல்கின்றன. சீ தி ஸ்டார்ஸ் 2008இல் தன் முதல் ஓட்டத்தில் நான்காவதாக வந்தது. அடுத்த வருடம் கின்னீஸ், டெர்பி, பாரிஸில் நடக்கும் ஆர்க் என மூன்று பெரிய ஓட்டங்களையும் ஜெயித்தது. ஃபிராங்கெல் 2010 ஆகஸ்டில் முதல் ஓட்டத்தில் ஜெயித்தது வெறும் அரை லெங்த்தில் (லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்). கடைசி வரை அது ஒரு ஓட்டத்திலும் தோற்கவில்லை, 14க்கு 14. மசார் 2018இல் கிரேவனை 9 லெங்த்தில் ஜெயித்தது, கின்னீஸில் மூன்றாவது, டெர்பியில் முதலாவது. சிட்டி ஆஃப் டிராய் 2024 கின்னீஸில் ஒன்பதாவதாக வந்து, நான்கே வாரத்தில் டெர்பியை எடுத்தது. அந்தக் கின்னீஸை ஜெயித்த நோட்டபிள் ஸ்பீச் இரண்டு வயதில் ஒரு ஓட்டமும் ஓடாதது. அந்த ஜனவரியில்தான் கெம்ப்டன் செயற்கைத் தளத்தில் ஆரம்பித்தது, கின்னீஸுக்கு முன் புல்தரையில் ஓடியதே இல்லை. இவற்றில் எதையும் எடை ஒன்றை வைத்தே சொல்லியிருக்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் மாறும் உடம்புகளைப் பற்றிப் பேசும்போது, அந்த உடம்பின் மிக எளிய அளவை ஏன் மறைத்து வைக்க வேண்டும் என்பதே கேள்வி.

வயதுக் கணக்கையும் பாருங்கள். ஜனவரி 1 வந்தால் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூடிவிடுகிறது. பிப்ரவரியில் பிறந்ததும் மே கடைசியில் பிறந்ததும் உங்கள் அட்டையில் ஒரே வயது. நார்தர்ன் டான்சர் 1961 மே 27இல் பிறந்தது. கென்டக்கி டெர்பியை ஜெயித்த அன்று அதற்கு உண்மையில் மூன்று வயது நிறைந்திருக்கவில்லை. இன்றைய டெர்பிக் குதிரைகளில் முக்கால்வாசிக்கு மேல் அதன் ரத்தம் ஓடுகிறது என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அப்படித் தாமதமாகப் பிறந்த குட்டி அக்டோபரில் 430 கிலோவாக இருந்து ஏப்ரலில் 460 கிலோவோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் வளர்ச்சி. பிப்ரவரியில் பிறந்து, இரண்டு வயதிலேயே முழு உடம்போடு இருந்த குதிரை அதே 30 கிலோ கூடி வந்தால் அது வேறு கதை. பிறந்த தேதி பதிவேட்டில் கிடைக்கிறது. எடை கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

இப்போது எங்களிடம் இருப்பது என்ன? பேடக்கில் (ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில்) சில நிமிடம். நேரில் போனால் வேலி ஓரத்தில் நின்று, முன்னங்கால் பதிந்த தடத்தைப் பின்னங்கால் தாண்டி விழுகிறதா, கழுத்து தளர்ந்திருக்கிறதா, வியர்த்து நுரை தள்ளுகிறதா, விலா எலும்பின் மேல் எவ்வளவு மூடியிருக்கிறது, பின்தொடையில் தசை இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அப்போதும் ஏப்ரலில் இன்னும் குளிர்கால முடி உதிராத குதிரையின் விலாவைக் கண்ணால் அளப்பது சுலபம் அல்ல. வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. ஒரு குதிரையைக் காட்டத் தொடங்கி, அது பாதிச் சுற்று நடப்பதற்குள் படம் வேறு மைதானத்துக்குத் தாவிவிடுகிறது. நான் காத்திருந்த அந்தக் குதிரையை அன்று இடது தோளிலிருந்து கழுத்து வரை பார்த்தேன். வயிற்றுப் பக்கம் திரையில் வரவே இல்லை. அந்த வயிற்றில்தான் விஷயம் இருந்தது.

இதே விஷயத்தை நான் முன்பு ஒரு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அங்கிருந்து ஒருவர் மரியாதையாகத்தான் பதில் போட்டிருந்தார். எடை லாயத்தின் சொந்த விஷயம், ரசிகர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பது சாரம். இரண்டாவது காரணம் என்னை வருத்தியது. லெங்த்தையும் தரையின் ஈரத்தையும் ஹேண்டிகேப் ரேட்டிங்கையும் (குதிரையின் திறமையை அளந்து, அது சுமக்கும் எடையைத் தீர்மானிக்கும் எண்) டிராவையும் (ஓட்டம் தொடங்கும்போது குலுக்கலில் கிடைக்கும் இடம்) வருடக்கணக்காகச் சேர்த்துப் படிக்கிற மக்கள் ஒரு கிலோ கணக்கைப் பார்த்துக் குழம்பிவிடுவார்கள் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? நாங்கள் தவறாகவே புரிந்துகொண்டாலும் அது எங்கள் தவறாக இருக்கட்டும்.

சொந்த விஷயம் என்ற வாதத்தை நீங்களே ஒருமுறை தள்ளிவைத்திருக்கிறீர்கள். குதிரைக்கு மூச்சுக்குழல் அறுவை சிகிச்சை செய்தால் அதற்குப் பிந்தைய முதல் ஓட்டத்தில் அதை அறிவிக்க வேண்டும் என்று 2018இல் விதி கொண்டுவந்தீர்கள். அதற்கு முன் அதுவும் லாயத்துக்குள் இருந்த செய்திதான். இன்று ரேஸ் அட்டையில் இரண்டு எழுத்தாக அது சாதாரணமாக நிற்கிறது. முதல் முறை கண்மறைப்பு கட்டினால் சொல்கிறீர்கள், விதையடித்தால் சொல்கிறீர்கள். பல மைதானங்களில் ஓட்டத்தின் துண்டு நேரங்களும் (ஒவ்வொரு பகுதியையும் ஓட எடுத்த நேரம்) கிடைக்கின்றன. அதற்கெல்லாம் உண்மையாகவே நன்றி. அந்த வரிசையில் இன்னும் ஒரே ஓர் எண் சேர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஒரு குதிரை வழக்கமாக மூன்று ஓட்டம் ஓடிய பிறகே ஹேண்டிகேப் ரேட்டிங் பெறுகிறது. அந்த மூன்றிலும் உடம்பு தயாராகாமல் வந்து, நான்காவதில் குறைந்த ரேட்டிங்கோடு தயாராக வரும் குதிரைகளைப் பார்க்காத ரசிகர் யாரும் இல்லை. எல்லாமே திட்டம் போட்டுச் செய்வது என்று நான் சொல்லவில்லை. இளம் குதிரைக்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு குதிரையையும் தன்னால் முடிந்த மிகச் சிறந்த இடத்துக்காக ஓட்ட வேண்டும் என்று உங்கள் விதி சொல்கிறது. ஓட்டுவது ஜாக்கி, அவரை விசாரிக்கிறீர்கள். எந்த உடம்போடு அது களத்துக்கு வந்தது என்பதைக் கேட்பது யார்? எடை வெளியில் இருந்தால் நேர்மையான பயிற்சியாளருக்கு அதுவே பாதுகாப்பு. குதிரை 25 கிலோ கூடுதலாக வந்தது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தால், ஏழாவதாக வந்த பிறகு அவர் மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சொல்லப்போனால் மனக்குறை இதோடு நிற்கவில்லை. சனிக்கிழமையில் பெரிய ஓட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறீர்கள். வார நாட்களில் ஐந்து குதிரை, நான்கு குதிரை ஓட்டங்கள். இளைஞர்கள் வருவதில்லை என்று கவலைப்பட்டு, ரேஸ் முடிந்ததும் கச்சேரி வைக்கிறீர்கள். கச்சேரிக்கு வருபவர்கள் கச்சேரிக்குத்தான் வருகிறார்கள். குதிரைக்காக வருகிறவர் மேலும் தெரிந்துகொள்ள என்ன தருகிறீர்கள் என்று ஒரு முறையாவது யோசித்திருந்தால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது. சரி, கோபத்தில் வழி மாறிப் போகிறேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

செலவு பற்றி நீங்கள் சொல்லக்கூடும். அதனால் எல்லா மைதானத்திலும் எல்லா நாளும் வேண்டும் என்று முதலிலேயே கேட்கவில்லை. அடுத்த சீசனில் லிங்கன் முதல் கின்னீஸ் வரை, இரண்டு வயது மற்றும் மூன்று வயதுக் குதிரைகளுக்கான ஓட்டங்களில் மட்டும் செய்து பாருங்கள். டான்காஸ்டர், நியூமார்க்கெட், நியூபரி போதும். லாரிப் பயணத்தில் குதிரையின் எடை குறையும் என்பதால், லாயத்தில் போட்ட எடையை வாங்கி அச்சிட வேண்டாம். மைதானத்துக்கு வந்த பிறகு, ஒரே மாதிரியான தராசில், எல்லாக் குதிரைக்கும் ஒரே வேளையில் போடுங்கள். பேடக்குக்குள் வருவதற்கு முன் எண் திரையில் இருக்கட்டும். பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று அதைப் பூட்டிவிடாதீர்கள்.

குதிரைகளை எடை போட்டு, அதை வெளியிடுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று முடிவெடுத்தால் அந்தக் காரணத்தையாவது எனக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள். அடுத்த சீசனின் ஓட்ட அட்டவணையை இறுதி செய்வதற்கு முன் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வேலி ஓரத்தில் நிற்கும் ஒரு ரசிகர்