ட்ரான்ஸ்போர்ட்டர் பாலம் மறுபடி ஓடட்டும்

மிடில்ஸ்பரோ, ஸ்டாக்டன் நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வடகிழக்கு இங்கிலாந்தின் டீஸ் ஆற்றின் மேல் நிற்கும் ட்ரான்ஸ்போர்ட்டர் பாலம் உங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து. பாதுகாப்புக் கருதி 2019 ஆகஸ்டில் அதை மூடினீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. நூறு வயது தாண்டிய இரும்பு. ஆனால் பெயின்ட் அடித்து, விளக்குப் போட்டு, வேடிக்கை பார்க்கிற சின்னமாக மட்டும் அதை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1911இல் அதைத் திறந்தபோது கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதே பெரிய கவலை. அதனால் குறுக்குச் சட்டத்தை உயரத்தில் வைத்து, அதிலிருந்து கம்பிகளில் ஒரு மேடையைத் தொங்கவிட்டார்கள். கொண்டோலா என்போம். ஒன்பது கார்கள் அல்லது 200 பேரை ஏற்றிக்கொண்டு இரண்டே நிமிடத்தில் மிடில்ஸ்பரோவின் எதிர்க்கரையான போர்ட் கிளாரன்ஸைத் தொடும். நகைச்சுவை நடிகர் டெர்ரி ஸ்காட் 1974இல் இதைச் சாதாரணப் பாலம் என்று நினைத்துக் காரை நேராக ஓட்டி, கீழேயிருந்த வலையில் போய் விழுந்தார். இந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளை இல்லை.

அப்பா மருத்துவமனை வேலைக்காக மிடில்ஸ்பரோவுக்கு வந்தவர். சனிக்கிழமைகளில் என்னையும் அக்காவையும் அக்கரைக்கு அழைத்துப்போவார். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கி, அடுத்த நடையில் திரும்புவோம், அவ்வளவுதான். கிளம்பும்போது காலடியில் ஒரு அதிர்வு. பக்கத்தில் வேலை முடிந்து சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் ஆட்கள், அவர்கள் மேல் கிரீஸ் வாடை.

ஊர் இழந்தது ஏற்கெனவே நிறைய. பக்கத்து ஊரான ரெட்காரில் எஃகு உற்பத்தி 2015இல் நின்றது. எஃகு ஆலை வளாகத்திலிருந்த டோர்மன் லாங் கோபுரத்தை, பாதுகாக்கவேண்டிய கட்டடம் என்று அறிவித்து அதைச் சில நாளிலேயே ரத்தும் செய்து, 2021 செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்த கோபுரம்! மிடில்ஸ்பரோ கால்பந்து அணியின் பழைய எய்ர்சம் பார்க் மைதானத்தில் இப்போது வீடுகள். 1966 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக வட கொரியாவின் பாக் டூ இக் கோல் அடித்த இடத்தில் ஒரு வெண்கலத் தடம் பதித்திருக்கிறார்கள். மைதானத்துக்கு அது போதும். அடித்த கோல் அடித்ததுதான். பாலத்துக்கு அது போதாது.

பாலம் மூடியதிலிருந்து போர்ட் கிளாரன்ஸ்காரர்கள், கண்ணெதிரே தெரிகிற மிடில்ஸ்பரோவுக்கு, நியூபோர்ட் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே பழுதுபார்க்கும் திட்டத்திலேயே தினசரிப் போக்குவரத்தையும் எழுதுங்கள். காலை, மாலை ஷிப்டு நேரங்களில் கட்டாயம் நடை இருக்கட்டும். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்குச் சில்லறைக் காசில் டிக்கெட் கொடுங்கள். கார்களைத் தாங்காது என்று பொறியாளர்கள் சொன்னால், சரி, ஆட்களை மட்டும் ஏற்றுங்கள். உச்சியிலிருந்து கயிறு கட்டிக் குதிப்பதெல்லாம் அப்புறம். செலவை யார் எவ்வளவு ஏற்கிறீர்கள், முதல் நடை எப்போது என்பதை இரண்டு கரையிலும் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மிடில்ஸ்பரோவில் வளர்ந்த ஒருத்தி