சிலிக்கோன் பூசினால் கசிவு நிற்கும், வெடிப்பு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் வெடித்த மீன்தொட்டிகளுக்குக் கசிவடைக்கும் சிலிக்கோன் பசை பூசும் வேலை கூடிவிடும். பூசியதும் கசிவு நின்றுவிடுவதால் தொட்டி சரியாகிவிட்டதென்று நம்பி, பிள்ளைகள் விளையாடும் விறாந்தையிலேயே அதைத் திரும்பவும் நிரப்பி வைக்கிறார்கள். இது ஆபத்தானது.

கண்ணாடியில் சிலிக்கன் அணுக்களும் ஒட்சிசன் அணுக்களும் வலைபோலப் பிணைந்திருக்கின்றன. சுமை இழுக்கும்போது வெடிப்பின் நுனியிலுள்ள பிணைப்புத்தான் மிகவும் விறைத்திருக்கும். ஒரு நீர் மூலக்கூறு அங்கே போய்ச் சேர்ந்தால் அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். உடனே அடுத்த பிணைப்பு விறைக்கும். ஒரே சுமையில் வைத்த கண்ணாடியில், காற்றின் ஈரம் ஏற ஏற வெடிப்பு விரைந்து வளர்வதை அமெரிக்க ஆய்வாளர் வீடர்ஹோர்ன் 1967இல் அளந்து வெளியிட்டார். தண்ணீர் தொட வேண்டுமென்றில்லை, காற்றிலுள்ள நீராவியே போதும். சிலிக்கோனோ தண்ணீரைத் தடுத்தாலும் நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். யாரும் தொடாத தொட்டி நடுச்சாமத்தில் பிளப்பது இப்படித்தான்.

90 சென்ரிமீற்றர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 180 லீற்றர் கொள்ளும். அந்தச் சுமை இரவு பகலாக ஓயாது. நீண்டகாலச் சுமையில் சாதாரணக் கண்ணாடியின் தாங்குதிறன், சில நொடிச் சுமையில் உள்ளதன் பாதிக்கும் குறைவு.

வெடிப்பைக் கண்டால் உடனே தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள்; சுவரைத் தள்ளும் விசை கால்பங்காகிவிடும். பிறகு அந்தப் பலகைக் கண்ணாடியையே மாற்றுங்கள். புதிய கண்ணாடி வாங்கும்போது விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் சின்னச் சில்லில்தான் நாளைய வெடிப்புத் தொடங்கும். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லி வற்புறுத்துங்கள், அந்தச் சிறு கூலியை மிச்சம் பிடிக்க வேண்டாம். தொட்டியின் அடியில் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைத் தட்டை விரியுங்கள். ஒரு மணல் பருக்கை அகப்பட்டாலும் சுமை அந்த ஒரு புள்ளியிலேயே குவியும்.

கடைத் தட்டுகளுக்கு ரெம்பர் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவாக்கிய கண்ணாடி, நல்லது. அதன் மேற்பரப்பு எப்போதும் இறுக நெருக்கப்பட்டிருப்பதால் சிறு கீறல் வாய் திறக்காது. ஆனால் ரெம்பர் செய்தபின் வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவை முதலே சரியாகக் கொடுக்க வேண்டும்.

வாகன முன்கண்ணாடியில் கல் பட்டால், மழைக்கு முன்பே அந்த இடத்தைத் துடைத்து ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிறகு நிரப்பும் பசை சரியாகப் பிடிக்காது.

கண்ணாடி வேலை செய்வோர்,
கொக்குவில்.