பொருள் அவருடையது, பக்கம் என்னுடையது

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் கமிஷனுக்குப் பொருள் விற்றுத் தரும் அஃபிலியேட்டுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடுத்தவர் பொருளுக்கு இவர்களாகவே ஒரு விற்பனைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டு மக்களை ஏமாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். அந்த 'இவர்களில்' நானும் ஒருவன். அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். கண் ஒத்துழைக்காமல் போனதும் வேலையை விட்டேன். ஆறு வருடமாக வீட்டிலிருந்தே இந்த வேலைதான். (திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். புரூஃப் தாளில் அது முடியாது.)

ஏமாற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சொந்தமாகப் பக்கம் எழுதுவதுதான் அதற்குக் காரணம் என்கிறாரே கட்டுரையாளர், அதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் பார்த்தவரை சிக்கல் எழுதாதவர்களிடம்தான் அதிகம்.

விற்பவர் எங்களுக்கு ஒரு லிங்க் தருவார். அதில் எங்கள் அடையாளக் குறியீடு இருக்கும். யாராவது அதை அழுத்தினால் அவர்களுடைய பிரவுசரில் குக்கீ என்ற சிறு குறிப்பு பதியும். குறிப்பிட்ட காலத்துக்குள் அவர்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன். 1996இல் இப்படியொரு திட்டத்தைத் தொடங்கிய அமேசானில் அந்தக் காலம் 24 மணி நேரம், அதற்குள் பொருள் கூடையில் விழ வேண்டும். வேறு இடங்களில் 30 நாள், 60 நாள் என்றும் உண்டு. லிங்க்கோடு சேர்த்து 'தயார் சரக்கு' ஒன்றும் வரும். படங்கள், அனுப்ப வேண்டிய இமெயில்கள், விற்பனை வாசகம் எல்லாம் அதில் இருக்கும். அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள் என்பார்கள். ஒட்டுகிறவர்கள் அந்தப் பொருளைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரே வாக்கியம், ஒரே ஆச்சரியக்குறி, ஒரே எழுத்துப்பிழை நூறு பக்கங்களில் நிற்கும். மெய்ப்புத் திருத்தியவனுக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கிறது.

கூகுளுக்கும் இந்த நகல் பிடிக்காது. விற்பவரின் வர்ணனையை வாங்கி ஒட்டிவிட்டுச் சொந்தமாக எதுவும் சேர்க்காத அஃபிலியேட் பக்கங்களை அதன் தேடல் விதிகள் குப்பைக் கணக்கில்தான் வைக்கின்றன. கூகுள் தேடலில் அஃபிலியேட்டுகள் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்திலும் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஒரே முகவரியைக் காட்டும் விளம்பரங்களில் ஒரு தேடலுக்கு ஒன்றுதான் தெரியும் என்று 2005 ஜனவரியில் கூகுள் மாற்றியது. அதுவரை விற்பவரின் பக்கத்துக்கே நேராக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் பலர் சொந்தப் பக்கம் போட்டாக வேண்டிய நிலைமைக்கு வந்தார்கள். ஆசையால் எழுத வந்தவர்கள் கொஞ்சம், நெருக்கடியால் வந்தவர்கள் நிறைய.

என் கதைக்கு வருகிறேன். நான் முதலில் எடுத்துக்கொண்டது அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும் ஒரு மென்பொருள். என் தொழிலுக்குப் பக்கத்து வீடு என்பதால்தான் எடுத்தேன். விற்பவரின் பக்கத்தில் 'நூறு சதவீதத் துல்லியம்' என்று போட்டிருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று காசு கொடுத்து வாங்கி, வீட்டிலிருந்த புத்தகங்களிலிருந்து நாற்பது பக்கம் கொடுத்தேன். புதிய அச்சு என்றால் பரவாயில்லை, திருத்துகிற வேலை குறைவு. பழைய ஈய அச்சுப் புத்தகம் என்றால் திணறியது. துணைக்காலை 'ர' என்று படித்தது, 'ர'வைத் துணைக்கால் என்று படித்தது. 'ஔ' வருமிடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து வந்தது. இரண்டு பத்தி அச்சில் இடது பத்தியின் வரியையும் வலது பத்தியின் வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கியது. சில இடங்களில் புதுக்கவிதை மாதிரியே இருந்தது என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் என் பக்கத்தில் எழுதினேன். எந்த மாதிரிப் புத்தகத்துக்கு இது உதவும், எதற்கு உதவாது, யார் வாங்க வேண்டாம் என்று எழுதி, பிழையோடு வந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டேன். உச்சியில், இதை நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு என்ற வரி. வாங்குகிறவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அதற்கு மதிப்பு உண்டு. ரீஃபண்ட் ஆனால் கமிஷனும் கூடவே திரும்பிப் போய்விடும்.

இன்னொரு பொருளுக்கு, பக்கத்தை முதலில் எங்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான், பொருள் அவர்களுடையது. அனுப்பினேன். 'யார் வாங்க வேண்டாம்' என்ற பத்தியை மட்டும் வெட்டிவிட்டு 'மிக அருமை' என்று பதில் வந்தது. அந்தப் பொருளை விட்டுவிட்டேன்.

இதுவரை படித்தால் நான் ஏதோ உத்தமன் என்று தோன்றும். இல்லை. அந்த மென்பொருள் பக்கத்தை எழுதியபோது அது இணையம் இல்லாமலே வேலை செய்தது. ஒரு முறை காசு கட்டினால் போதும், என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் எழுதியிருந்தேன், இரண்டும் அன்று உண்மை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு மாணவர் இமெயில் அனுப்பினார். நெட் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு ஆய்வு செய்கிறவர். என் பக்கத்தை நம்பி வாங்கியிருக்கிறார், நெட் இல்லாமல் அது திறக்கக்கூட மாட்டேன் என்கிறது. போதாததற்கு வருடச் சந்தா வேறு. போய்ப் பார்த்தேன். நிறுவனம் எல்லாவற்றையும் மாற்றித் தன் பக்கத்தையும் திருத்தி வைத்திருந்தது. எனக்கு ஒரு வரி தகவல் இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: அஃபிலியேட்டுகள் எழுதுவதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன் (சேரும்போது படிக்கவில்லை, பிழை திருத்துபவன் இதைச் சொல்வது வெட்கம்தான்). எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று அதில் தெளிவாகவே இருந்தது. மாணவர் கட்டிய பணம் என்னிடம் இல்லை, விற்பவரிடம். மன்னிப்புக் கேட்டு, ரீஃபண்ட் கேட்கும் முறையை எழுதி அனுப்பினேன். அவருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் ஒரு வாரம் போயிற்று.

நாளிதழ்களில் ஒரு அறிவிப்பு வரும், நீங்களும் போடுகிறீர்கள்: விளம்பரங்களின் உண்மைத்தன்மையை வாசகர்களே விசாரித்துக்கொள்ள வேண்டும், நிர்வாகம் பொறுப்பல்ல என்று. உங்களுக்கு அது பொருந்தும். கட்டம் கட்டிய விளம்பரம், எழுதியவர் வேறு. நான் அந்த வரியைப் போட்டுக்கொள்ள முடியுமா? வாக்கியமே என்னுடையதாயிற்றே. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அடுத்தவர் சரக்கைத் தாராளமாக அள்ளி வைத்தது நான்தான்.

அமேசான் இந்த ஆபத்தை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. அஃபிலியேட்டுகள் பக்கத்தில் விலையைக் கையால் எழுதி வைக்கக் கூடாது, வேண்டுமானால் அவர்கள் தரும் தொழில்நுட்ப வழியில் எடுத்துக் காட்டு என்பது அவர்கள் விதி. விலை மாறும், நம் பக்கம் மாறாது. அவ்வளவுதான் காரணம். விலைக்கு உள்ள கவனம் மற்ற விவரங்களுக்கும் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. வசதிகள், சந்தா, ரீஃபண்ட் நாட்கள் எல்லாம் மாறுகின்றன. ஒரு விற்பனை நடந்தால் அடுத்த நிமிடமே 'வாழ்த்துகள்' என்று எங்களுக்கு இமெயில் அனுப்பத் தெரிகிறதல்லவா? அதே பட்டியலுக்கு, இந்தத் தேதியிலிருந்து இன்னின்ன மாறுகிறது, உங்கள் பக்கத்தைத் திருத்துங்கள் என்று பத்து நாள் முன்னால் ஒரு இமெயில் அனுப்ப என்ன கஷ்டம்? விற்பவர்களுக்கு ஒரு கடமையை விதிப்பதென்றால் முதலில் இதை விதிக்க வேண்டும். கட்டுரையாளர் அஃபிலியேட்டுகளை மட்டும் கூண்டில் ஏற்றியதில் இந்தப் பக்கம் விட்டுப்போயிற்று.

அவர் சொன்ன மற்ற குற்றங்களில் எனக்கு வாதம் இல்லை. சலுகை முடிய இன்னும் இவ்வளவு நேரம்தான் என்று, பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் புதிதாக ஓட ஆரம்பிக்கும் கடிகாரம், இன்னும் வெளிவராத பொருளுக்கு 'மூன்று மாதம் பயன்படுத்தினேன்' என்ற விமர்சனம், எங்கிருந்தோ எடுத்த முகத்துக்குக் கீழே பாராட்டு. இதெல்லாம் மோசடி, வேறு பெயர் வேண்டாம். கமிஷன் வாங்குவதைச் சொல்லாமல் மறைப்பதும் அப்படியே. விற்பவரோடு உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. இன்னும் அந்த வரியைப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் வைக்கிறார்கள். என் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது என் பக்கம் ஒவ்வொன்றிலும் தலைப்புக்குக் கீழே 'கடைசியாகச் சரிபார்த்தது' என்று ஒரு தேதி இருக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் பழைய புரூஃப் பார்க்கிற மாதிரியே உட்கார்ந்து, விற்பவரின் பக்கத்தை ஒரு பக்கமும் என்னுடையதை இன்னொரு பக்கமும் வைத்து வரி வரியாக ஒப்பிடுகிறேன். பதினெட்டுப் பக்கம் இருக்கிறது, இரண்டு நாள் ஆகும். கமிஷன் இல்லாத வேலை.

இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அதில் ஒன்றைப் பார்த்தேன். இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க 30 நாள் என்று எழுதியிருந்தேன். விற்பவர் அதை 14 ஆக்கியிருக்கிறார், வழக்கம்போலத் தகவல் இல்லை. மாற்றிவிட்டுத்தான் இதை உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்