நமது மாதிரி வாகனச் சங்கத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

டாங்கி, ஜீப் போன்ற படை வண்டிகளின் பிளாஸ்டிக் அளவுமாதிரிகளைக் கட்டும் நமது சங்கம் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய ஆற்றிய பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று தலைவர் வீட்டு மாடியில் கூடுவது நம் வழக்கம். ஜூலைக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு நடைபெறாமலே போயிற்று. ஜனவரிக் கூட்டம் எப்படி நடந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், கையிருப்பில் உள்ள ஒரு கிட்டையாவது, அதாவது பாகங்களாக வரும் ஒரு மாதிரிப் பெட்டியையாவது, கட்டி முடிக்காமல் எவரும் புதிய பெட்டி வாங்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தோம். அத்தீர்மானத்தை முதலில் மீறியவர் அதை முன்மொழிந்த செயலாளராகிய நானே என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. சுங்கத் தலைப்பில் நம்முடைய அளவுமாதிரிகளும் பொம்மைகளோடு ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருப்பதால், ஜப்பானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் ஒரு டாங்கிப் பெட்டியின் விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். மாறாக, ‘இன்னும் ஏறுமுன் வாங்கி வைப்போம்’ என்று பரண்கள் நிறைந்தன. வாங்கியவை பரணிலேயே இருந்தன.

இந்நிலையில்தான் டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், தாமிரபரணி கரை மீறி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறைப் பகுதிகளுக்குள் புகுந்ததையும் இங்குள்ள எவருக்கும் நான் நினைவூட்டத் தேவையில்லை. உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் வாழும் ஊரில், பொம்மைப் பெட்டிகள் நனைந்த கதையைச் சொல்வது கூச்சமாகவே இருக்கிறது. எனினும் நமது உறுப்பினர் நால்வரின் வீடுகளில் தண்ணீர் ஆளுயரத்துக்கு நின்றதும், எழுபதுக்கும் மேற்பட்ட கிட்டுகள் சேற்றில் மூழ்கியதும் சங்கத்தின் பதிவேட்டில் இடம்பெற்றாக வேண்டியவை.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தண்ணீரைக் குடிப்பதில்லை. அட்டைப் பெட்டிகள் கூழாகிவிட்டாலும், ஸ்ப்ரூ என்னும் பிளாஸ்டிக் சட்டங்களில் தொங்கிய பாகங்கள் சோப்புத் தண்ணீரில் கழுவியதும் பழையபடி ஆயின. செய்முறைத் தாள்கள் மிஞ்சவில்லை. வண்டியின்மேல் ஒட்டும் அடையாளப் படங்களான டெக்கால்களோ நீரில் ஊறினால் தாளை விட்டுக் கழல்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவை தம் வேலையைக் குறைவறச் செய்துவிட்டன. ஜனவரிக் கூட்டத்தில் மாடி முழுவதும் பத்தமடைப் பாய்களை விரித்து, எந்தச் சட்டம் எந்த வண்டிக்குரியது என்று பிரிக்கத் தொடங்கினோம். அந்த வேலை மூன்று ஞாயிறுகளைத் தின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் ஏ, பி, சி என்ற அதே எழுத்துகளே சட்டங்களில் பொறிக்கப்பட்டிருப்பதால், ஷெர்மன் டாங்கியின் சக்கரங்களும் செஞ்சூரியன் டாங்கியின் சக்கரங்களும் ஒரே குவியலில் கிடந்தன. பெட்டி என்ற ஒன்று இல்லாமற் போனதால், பிரித்தவற்றைத் திரும்ப எடுத்துவைக்கவும் வழியில்லை. கட்டத்தான் வேண்டியிருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் முடிக்கப்பட்ட வண்டிகள், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் முடிக்கப்பட்டவற்றைவிட அதிகம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன். தீர்மானத்தால் ஆகாதது தண்ணீரால் ஆயிற்று.

டெக்கால்கள் இல்லாததால் அடையாளங்களைக் கையால் எழுத நேர்ந்தது. ஜெர்மானியச் சிலுவைகளையே எத்தனை முறை வரைவது என்று சலித்து, நமது படையின் வண்டிகளாகவே கட்டுவோம் என்று உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள். மேல்நோக்கிய அம்புக்குறி, வண்டி படைக்கு வந்த ஆண்டின் இரண்டு இலக்கங்கள், பிறகு எழுத்தும் எண்ணும் என்று அமையும் நம் இராணுவப் பதிவெண்ணை 1:35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, எழுதுவதற்கு, சாலைப் பலகைகள் எழுதிப் பழகிய நம் மூத்த உறுப்பினரே கைகொடுத்தார். ஒரு ஸ்டூவர்ட் டாங்கி, காஷ்மீர்ப் போரில் 1948 நவம்பர் 1 அன்று சோஜிலா கணவாயை மீட்ட 7ஆம் குதிரைப்படையின் வண்டியாக, பனி படிந்த நிலையில் முடிந்திருக்கிறது. பனிக்குச் சமையல் சோடாவைப் பயன்படுத்தியதை நான் ஏற்கவில்லை. அது நாளடைவில் மஞ்சளாகும் என்பது என் கருத்து. என் கருத்து தோற்றது.

1965 இந்திய–பாகிஸ்தான் போரின் அசல் உத்தர் சண்டையைக் காட்டும் நமது காட்சியமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே, கால்வாயை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சியதால் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. கரும்புத் தோட்டங்களில் மறைந்திருந்தோர் அவற்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியால் டாங்கிகளை அழித்து அங்கே உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. நமது காட்சியில் ஜீப் கரும்புக்குள் நிற்கிறது. கரும்புத் தோகைக்குப் பத்தமடையில் கழித்துப்போட்ட கோரையைக் கீறிப் பயன்படுத்தினோம். மண்ணுக்கு முதலில் தேரிக்காட்டுச் செம்மண்ணைச் சலித்துத் தூவியிருந்தார்கள். பஞ்சாப் வயலில் தேரி மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னவன் நான். அதற்குப் பதிலாக, வண்ணார்பேட்டை உறுப்பினர் தம் வீட்டு அறையிலிருந்து வாரிய ஆற்று வண்டலைக் கொண்டுவந்தார். அதில் சிறிது சுண்ணாம்புத் தூள் கலந்ததும் நிறம் பொருந்திவிட்டது.

ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கிக்கு நம் கைக்கெட்டும் விலையில் கிட் எதுவும் கிடைக்காததால், பிளாஸ்டிக் தகடு வெட்டி முழுவதும் கையாலேயே கட்டுகிறோம். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில், 1965இலிருந்து நம் மாநிலத்திலேயே உற்பத்தியான டாங்கி அது. அகலம் சுமார் 3.17 மீட்டர், நமது அளவில் 9 சென்டிமீட்டர். 105 மில்லிமீட்டர் பீரங்கியின் துளை நமது அளவில் மிகச்சரியாக 3 மில்லிமீட்டர். வெளிநாட்டு உலோகக் குழலின் விலையைக் கேட்டு மலைத்த பின், அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் அண்ணாச்சி ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். “இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு மெலிசாக் கடைஞ்சா கம்பு ஆடும், தம்பி” என்றவர், குழலின் நடுவே புகை வெளியேற்றும் உருளை புடைத்திருப்பதைப் பார்த்ததும், அந்த இடத்தில் இணையுமாறு இரண்டு துண்டாகக் கடைந்து கொடுத்தார். இணைப்பு கண்ணுக்கே தெரியவில்லை. அரக்குப் பூசித் தரட்டுமா என்று கேட்டார். சிவப்பு அரக்கு என்பதால் மறுத்துவிட்டோம். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களும் முடிந்துவிட்டன. சங்கிலிப் பட்டை இன்னும் பாதியில் நிற்கிறது.

மழைக்காலத்தில் லாக்கர் பெயின்ட் அடித்த மூவரின் வண்டிகள் வெளுத்துப்போயின. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதே இதற்குக் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் உப்புத்தாள் தேய்ப்பதோடும் புட்டி பூசுவதோடும் நிறுத்திக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் பள்ளி மாணவர்களுக்கு நடத்திய இரண்டு நாள் பயிற்சி நன்றாகவே நடந்தது. பசை இங்கே ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது என்பதை விளங்கவைப்பதற்குள் ஆறு ஜீப்புகளில் விரல்ரேகைகள் பதிந்துவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வெள்ளத்துக்கு முன் பெயின்ட் தெளிப்பதற்கான சங்கத்தின் சிறிய கம்ப்ரசரை இரவல் எடுத்துச் சென்ற உறுப்பினர், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்
பாளையங்கோட்டை