செயலாளரின் ஆண்டறிக்கை: ஹைலக்ஸை எவ்வளவு உயர்த்துவது?

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. ஆறு குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்தன, இரண்டு குடும்பங்கள் பிறிஸ்பேனுக்கு இடம் மாறிவிட்டன. நான்கு முகாம்கள் திட்டமிட்டு மூன்றை நடத்தினோம். நான்காவதை மழை நடத்திக்கொண்டது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது கூட்டங்களில் ஏழில் கதைத்தது ஒரே விடயம், சங்கத்தின் ஹைலக்ஸ். ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். பொறுத்தருளவும்.

புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வாகனம் 1995ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106, டீசல். 2.8 லீற்றர் எஞ்சின், டேர்போ கிடையாது. இங்கே பிறந்த பிள்ளைகள் யூட் என்கிறார்கள், எங்களுக்கு அது ஊரில் பார்த்த அதே டபிள் கப். முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டு அச்சு, நாலு மூலையிலும் லீஃப் ஸ்பிறிங். 1997க்குப் பிறகு வந்த நாலு சக்கர ஹைலக்ஸில் முன் அச்சை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் காடோடுகிறவர்கள் இந்தப் பழையதைத் தேடி அலைகிறார்கள். ஓய்வுபெற்ற எங்கள் அங்கத்தவர் ஒருவர் சந்தை விலையில் பாதிக்குத் தந்தார். முகாமுக்குச் சமையல் சாமான் ஏற்றுவது, சேற்றில் புதைந்த மற்ற வாகனங்களை இழுப்பது, இவை இரண்டும்தான் அதற்கு நாங்கள் வைத்த வேலை.

முதல் கூட்டத்திலேயே இளைஞர் அணி நான்கு அங்குல லிஃப்ற் (ஸ்பிறிங்கால் வாகனத்தை உயர்த்துவது), 33 அங்குல ரயர், வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி), கூரை விளக்கு என்று ஒரு பட்டியலுடன் வந்தது. பட்டியல் வடிவாகத்தான் இருந்தது. தலைவர் ஒன்றும் சொல்லாமல் முன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார்.

உள்ளே கஞ்சி. முன் அச்சின் உருண்டை மூட்டுக்குள் கிறீஸ் மட்டுமே இருக்க வேண்டும். உள் சீல் தேய்ந்ததால் டிஃபரன்சியல் (அச்சில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஒயில் கசிந்து வந்து கிறீஸோடு கலந்து கறுப்புக் குழம்பாகி இருந்தது. இரண்டு பக்கமும் அதே நிலை. பெரிய ரயர் போட்டால் அந்த மூட்டுக்குத்தான் பாரம் கூடும். ஆகவே லிஃப்றுக்கு ஒதுக்கிய முதல் பணம் சீலுக்கும் பெயாறிங்குக்கும் போனது. பொருத்தும்போது மூட்டின் இறுக்கம் சரியா என்று பார்க்க, ஸ்ரியறிங் கையில் ஸ்பிறிங் தராசைக் கொளுவி, இழுத்துத் திருப்ப எவ்வளவு பாரம் வேண்டும் என்று அளக்க வேண்டும். கடைத் தராசு விலை கேட்டுவிட்டு, ஓர் அங்கத்தவரின் மீன் நிறுக்கும் தராசால் வேலையை முடித்தோம். இறுக்கம் கூடினால் இடையில் வைக்கும் மெல்லிய தகட்டைக் கூட்டுவது, குறைந்தால் ஒன்றை எடுப்பது. மூன்று சனிக்கிழமை போயிற்று.

அடுத்தது கறள். கப்புக்குப் பின்னால் சசியில் ஒரு முழ நீளத்துக்குச் சுரண்டிப் பார்த்தோம். மேலே மட்டும்தான், இரும்பு உள்ளே நன்றாக இருந்தது. பின் ஸ்பிறிங் தொங்கும் பிடியில் ஒரு வெடிப்பு இருந்தது. அதைத் தகுதியுள்ள வெல்டர் ஒருவர் ஒட்டித் தந்தார்.

இதற்கு நடுவே நிர்வாகக் குழு செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். சாமான் வாங்குமுன், வாகனம் இருந்தபடியே மே மாதம் ரூலாங்கி காட்டுக்குக் கொண்டுபோனோம். போகுமுன் அடிப்பக்கம் முழுக்க மலிவான வெள்ளைப் பெயின்ற் பூசினோம். திரும்பி வந்து எங்கே பெயின்ற் உரிந்திருக்கிறது என்று பார்ப்பதே திட்டம்.

முதல் சேற்றிலேயே நின்றுவிட்டது. பின் சக்கரம் இரண்டும் சுற்றுகின்றன, முன் சக்கரம் அசையவில்லை. இளைஞர் அணி உடனே ரேடியோவில், சனல் 10இல், நாலு அங்குலம் வேண்டும் என்று முழங்கியது. பார்த்தால், ஓட்டியவர் முன் சக்கரத்தின் ஹப்பைக் கையால் பூட்ட மறந்துவிட்டார். இந்த மொடலில் நாலு சக்கர லீவரை மட்டும் போட்டால் காணாது, இறங்கிப்போய் ஹப்பையும் திருப்ப வேண்டும். (ஓட்டியவர் இந்த அறிக்கையை வாசித்துக்கொண்டிருப்பவர்தான்.) ஹப்பைப் பூட்டி, ரயர் காற்றை 20 பீ.எஸ்.ஐ.க்கு இறக்கினோம். பழைய ரயரோடேயே வெளியே வந்தது. அன்று நாங்கள் ஏறாத மேடு இரண்டுதான்.

வெள்ளைப் பெயின்ற் உரிந்திருந்தது மூன்று இடத்தில். மோசமாக உரிந்தது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டோபார், அதாவது றெயிலர் கொளுவும் சட்டம். அடுத்தது பின் டிஃபரன்சியலின் வயிறு. மூன்றாவது எரிபொருள் தாங்கியின் காப்புத் தகடு, அதுவும் இலேசாக.

இதில்தான் விவாதம் தெளிந்தது. ஸ்பிறிங்கை உயர்த்தினால் சசியும் தாங்கியும் மேலே போகும், டிஃபரன்சியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அது அச்சோடு சேர்ந்தது, அச்சு ரயரில் நிற்கிறது. அதை உயர்த்துவது பெரிய ரயர் ஒன்றுதான், அதுவும் கூடிய விட்டத்தில் பாதி. டோபாருக்கு லிஃப்றே வேண்டாம், குட்டையான ஒன்றை மாற்றினால் காணும். அப்படியென்றால் ஸ்பிறிங்கை ஏன் உயர்த்த வேண்டும்? அந்த ரயர் மட்காட்டில் முட்டாமல் ஏறி இறங்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வாகனத்தின் 205ஆர்16 ரயர் ஏறக்குறைய 740 மில்லிமீற்றர் விட்டம். இந்த வகை வாகனத்துக்கு 50 மில்லிமீற்றர் வரை பெரிய ரயரை விதி அனுமதிக்கிறது. 235/85ஆர்16 போட்டால் 806, கணக்குத் தாண்டிவிடும். 31 அங்குல ரயர் 787, உள்ளே நிற்கும். டிஃபரன்சியலுக்கு 23 மில்லிமீற்றர் கிடைக்கும். இரண்டு விரல் உயரம் கூட இல்லை என்று ஒருவர் சிரித்தார். கல்லில் உரசுவதும் உரசாததும் அந்த இரண்டு விரலில்தான் இருக்கிறது. இதற்கு விலையும் உண்டு. சக்கரம் ஏறக்குறைய 6 சதவீதம் பெரிதாவதால் வேகமானி 100 காட்டும்போது உண்மையில் 106 போவோம், அதைத் திருத்த வேண்டும். டேர்போ இல்லாத எஞ்சின் மேட்டில் இன்னும் முனகும்.

ஸ்பிறிங்கால் 50 மில்லிமீற்றர் உயர்த்துவது என்று வைத்தால், ரயரின் 23ஐயும் கூட்டி மொத்தம் 73 மில்லிமீற்றர். விக்ரோறியாவில் மாற்றம் செய்த வாகனங்களுக்குச் சான்றளிக்கும் வாஸ் திட்டத்தின் கீழ் கையொப்பமிடும் பொறியாளரை வேலை முடிந்தபின் தேடி ஓடாமல், சாமான் வாங்குமுன்னே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். சான்றிதழ் இல்லாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்னால் யார் போய் நிற்பது? நான்கு அங்குலத் தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டு 7க்கு 11 என்று தோற்றது. தோற்றவர்கள்தான் அதன்பிறகு கூடுதலாக வேலை செய்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஸ்பிறிங் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு பாரம் நிரந்தரமாக ஏற்றுவீர்கள் என்பது. பதில் எங்களிடம் இருக்கவில்லை. வாகனத்தை முதலில் வெறுமையாகவும், அப்புறம் முழு முகாம் சாமானோடும் நிறுவைப் பாலத்தில் ஏற்றினோம். வித்தியாசம் 410 கிலோ. இரண்டு கிடாரம், மூன்று அடுப்பு, அரிசி, தண்ணீர், போன வருடம் யாரும் உட்காராத பன்னிரண்டு கதிரைகள். அந்தப் பாரத்துக்கு ஏற்ற ஸ்பிறிங் போட்டால் வெறுமையாக ஓடும்போது மாட்டு வண்டிபோலக் குதிக்கும். இலேசானதைப் போட்டால் முகாமுக்குப் போகும்போது பின்பக்கம் குந்திவிடும். சமையல் குழுவோடு நீண்ட நேரம், கொஞ்சம் சூடாகவும், கதைத்து ஒரு கிடாரத்தையும் கதிரைகளையும் வேறு வாகனங்களுக்கு மாற்றினோம். நடுத்தர ஸ்பிறிங் போதுமென்று ஆயிற்று. ஒரு கிடாரத்தை இறக்கியதில் மிச்சமான பணத்தை எந்த வேர்க்‌ஷொப்பும் எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்திருக்காது.

பின்பக்கம் குந்தாமலிருக்கக் காற்றுப்பை போடலாம் என்ற யோசனையும் வந்தது. நிராகரித்தோம். லீஃப் ஸ்பிறிங் பாரத்தை இரண்டு முனைகளில் சசிக்குக் கொடுக்கிறது. காற்றுப்பை அதை நடுவில் ஒரே இடத்தில் முட்டித் தள்ளுகிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய டபிள் கப் கப்புக்குப் பின்னால் சசி வளைந்து நிற்பதை இங்கே பலரும் கண்டிருக்கிறீர்கள். மலிவான நீள ஷக்கிளும் (ஸ்பிறிங்கின் முனையைச் சசியோடு இணைக்கும் பிடி) வேண்டாமென்று விட்டோம். முன்னால் அதைப் போட்டால் அச்சு சாய்ந்து, நேர்ரோட்டில் ஸ்ரியறிங் அலையும்.

மறக்கக்கூடாத சின்னச் சாமான்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் விலைச்சீட்டுத் தந்த மூன்று கடைகளில் இரண்டு அதைச் சொல்லவேயில்லை. பின் அச்சுக்கும் சசிக்கும் இடையில் ஒரு கம்பி, பிறேக் வால்வைப் பாரத்துக்கேற்ப இயக்குகிறது. சசி உயர்ந்தால் வால்வு வாகனம் வெறுமை என்று நினைத்துப் பின் பிறேக்கைக் குறைத்துவிடும். வால்வின் பிடியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். நீளமான பிறேக் ஹோஸ், புதிய யூ போல்ற், உயரத்துக்கேற்ற ஷொக் எல்லாம் பட்டியலில் உள்ளன. வின்ச் அடுத்த ஆண்டுக்கு. இழுப்பதற்கு முன்னும் பின்னும் பாரம் குறிக்கப்பட்ட கொக்கிகள் பூட்டியாயிற்று. டோபோலில் (டோபாரின் முனையிலுள்ள உருண்டை) கயிறு கொளுவி இழுக்கும் பழக்கத்தை இனி எந்த முகாமிலும் அனுமதிக்க மாட்டோம். அது கழன்று பறந்து இந்த நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். ஸ்பிறிங்கும் ரயரும் ஓகஸ்டில் பூட்டுவதாக உத்தேசம். மலைப்பாதைகள் ஜூன் நீண்ட வார இறுதிக்குப் பிறகு மூடி, மெல்பேர்ண் கப் குதிரைப் பந்தய வார இறுதியை ஒட்டித்தான் திறக்கும் என்பதால் முதல் ஓட்டம் நவம்பரில், வொனங்கற்றா பள்ளத்தாக்குக்கு. பெயர் தர விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைக் காணவும்.

மீன் தராசு தந்தவர் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். எடுத்துப்போனவர் தயவுசெய்து கொண்டுவந்து கொடுக்கவும்.

செயலாளர்