கப்பலில் எந்த அறை என்று கேட்டபின் பணம் கட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022ஆம் ஆண்டு உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியதிலிருந்து, நெல்லையின் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பகுதிகளிலுள்ள பயண முகவர்களிடம் அதுபற்றி விசாரிப்போர் கூடியிருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோரைச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் அனுப்பிவைப்பதும் நம் பக்கத்தில் வழக்கமாகி வருகிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அறையைத் தேர்ந்தெடுப்பதில் வயதானவர்களுக்கு யாரும் வழி சொல்வதில்லை என்பதே என் மனக்குறை.

விளம்பரத் தாள்களில் ஜன்னலில்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை என்று வகையும் விலையும் மட்டுமே இருக்கின்றன. அந்த அறை எத்தனையாவது தளத்தில், கப்பலின் எந்தப் பகுதியில், எதற்கு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை யாரும் அச்சிடுவதில்லை. என் பார்வையில், வகையைவிட இடமே முக்கியம். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதிதான் குறைவாக அசையும். திருச்செந்தூர் பஸ்ஸின் கடைசி இருக்கையில் தூக்கிப்போடுவது நடு இருக்கையில் இருப்பவருக்குத் தெரியாது அல்லவா? பக்கவாட்டில் சாயும்போது மேல்தளங்களே அதிகம் ஆடும். அந்தச் சாய்வைக் குறைக்கப் பெரிய கப்பல்களின் இருபுறமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு என்றாலும், முன்பின் ஆட்டத்தை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. எனவே தலைசுற்றல், குமட்டல் உள்ளவர்களுக்கு, மேலே முன்புறம் இருக்கும் விலை கூடிய அறையைவிட, கீழ்த்தளத்தின் நடுவிலுள்ள சாதாரண ஜன்னல் அறையே சுகமானது.

என் அண்ணனுக்கும் மதினிக்கும் கிடைத்த அறை, சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழே இருந்தது. விடியுமுன்பே மேலே நாற்காலிகளை இழுக்கும் சத்தமும் தள்ளுவண்டிச் சக்கரங்களின் உருளலும் தொடங்கிவிடும். மதினிக்கு அதன்பின் தூக்கம் வராது. பதிவு செய்து கொடுத்தவர் தளவரைபடத்தை ஒருமுறை விரித்துக் காட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. நீச்சல்குளம், நாடக அரங்கம், நடனக்கூடம், மின்தூக்கி எல்லாம் அந்தப் படத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில், மின்தூக்கிக்கு நேர் எதிரே இல்லாமல், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே சற்றுத் தள்ளிய அறை கிடைத்தால், சத்தமும் குறையும், முட்டுவலிக்காரர்களுக்கு நடையும் குறையும். 300 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கப்பலில் இது சிறிய விஷயமல்ல.

குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஓர் அறையில் நான்கு பேர் என்றால், மூன்றாவது, நான்காவது படுக்கைகள் பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படுபவை. ஏணிப்படி வைத்து ஏற வேண்டும். பாட்டியை அதில் ஏறச் சொல்ல முடியுமா? ஜன்னல் அறை என்று பணம் கட்டியபின், ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கி, கடலை மறைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட அறைகள் விலை குறைவு. தெரிந்து எடுத்தால் தவறில்லை, தெரியாமல் எடுத்தால்தான் வருத்தம். எண் ஒதுக்காமல், “கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும்” என்ற நிபந்தனையோடு மலிவாகத் தரப்படும் அறைகளை இளவயதினர் எடுக்கலாம், முதியவர்களுக்கு வேண்டாம்.

முகவர்கள் முன்பணம் வாங்குமுன் தளவரைபடத்தைக் காட்டி, அறை எண்ணை ரசீதில் எழுதித் தர வேண்டும். அந்தப் படத்தைப் பார்ப்பது எப்படி என்பதை விளக்கி, தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்