படிக்கட்டு போட்டோவில் நிற்கும் அந்தப் பெண் யார்?

அன்பு விஜிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி, மாப்பிள்ளையின் வேலை மாற்றம், மாடியில் குடிவந்தவர்களோடு நடக்கும் தண்ணீர்ச் சண்டை எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் சாவகாசமாக விசாரிக்கிறேன். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உன்னால் என்பதைவிட உங்கள் அம்மாவால்.

பெரியம்மாவின் பீரோ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் போன பிறகு அதை யாரும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் இடமில்லை, சின்னவனுக்கு மனமில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே, போட்டோக்கள். ஆல்பம் ஆல்பமாக, கவர் கவராக, ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் செருகியும் கொஞ்சம். நம் இரண்டு குடும்பமும் ஒரே காம்பவுண்டில் இருந்த காலம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. நீ எல்லாவற்றிலும் இருக்கிறாய்டி, எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு! கேமராவைக் கண்டாலே உனக்கு அப்படி என்ன தூக்கம் வந்ததோ.

கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. பாட்டியின் மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது. அதற்குப் பின்னால் வந்த கலர் படங்கள்தான் பாவம், எல்லா முகமும் செம்மண் பூசியது போல ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது, கலரில் வெறும் சாயம். அந்தச் சாயம் இருட்டில் பூட்டி வைத்தாலும் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே இருக்குமாம். இருட்டில் வைத்ததால் பத்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தோமே, அது பாதிதான் உண்மை.

அதைவிட மோசம் அந்தப் பசை ஆல்பம். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, படத்தை வைத்து, திரும்ப மூடுவோமே, அதேதான். அந்தக் காலத்தில் அதை வாங்கினாலே வீட்டுக்கு ஒரு பெருமை. இப்போது பசை மஞ்சளாகிப் படத்தை விடமாட்டேன் என்கிறது. பிய்த்து எடுத்தால் முகம் கிழிந்து அட்டையோடு போய்விடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் இருக்கிறதல்லவா, மெழுகு தடவாதது, அதை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, படத்தின் ஒரு மூலையில் அடியில் நுழைத்து, அறுப்பது போல முன்னும் பின்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். மகளும் நானும் அப்படித்தான் ஒவ்வொன்றாக விடுவிக்கிறோம். வராமல் முரண்டு பிடிப்பதை விட்டுவிட்டு, பக்கத்தோடு அப்படியே படம் எடுத்துக்கொள்கிறோம். உன் வீட்டிலும் அந்த ஆல்பம் இருக்கும். இருந்தால் இந்த வாரமே திறந்து பார். ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர். என் சித்தப்பாவின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தோள் வரைக்கும் தின்று வைத்திருக்கிறது.

வீடியோ காசெட்டுகளும் கிடைத்தன. அக்கா கல்யாணத்துடையதும் அதில் இருக்கிறது. போட்டுப் பார்க்க மெஷின் எங்கே? உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஒரு காசெட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடா மேல் வெள்ளையாகப் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் மெஷினும் கெட்டு, அடுத்து போடும் காசெட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். அதனால் தனியாக ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கு நடுவில் இவர் வேறு. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போடு, வீடு மூச்சு விடும்" என்கிறார். வீட்டில் இடம் இல்லை என்பது உண்மைதான். ஒரே காட்சி பத்துத் தடவை இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்க எனக்கும் சம்மதம். ஆனால் காகிதத்தை எறிந்துவிட்டு ஒற்றை போனை நம்பச் சொன்னால் எப்படி? போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. இரண்டு நகல், அதில் ஒன்று வேறொரு வீட்டில் என்று சொல்லிவிட்டேன். அந்த வேறொரு வீடு உன்னுடையது. மறுக்காதே.

இதெல்லாம் கையால் செய்கிற வேலை, செய்துவிடலாம். என்னைத் தூங்கவிடாதது வேறு. பெயர், விஜி. இந்த முகங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. பெரியம்மா இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள், யார் அந்தப் படம் எடுத்த மறுவாரமே வீட்டைவிட்டுப் போனார் என்பது வரைக்கும். ஒரு படத்தின் பின்னால் "அத்தையும் நானும்" என்று எழுதியிருக்கிறது. யாருக்கு அத்தை? எந்த நான்? ஆசையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், தங்களுக்குப் பின்னால் ஒருத்தி இதைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்? என் மகள் கேட்கிறாள், "இவங்க யாரும்மா?" தெரியவில்லை என்று சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. அந்த மனுஷி நம்மில் யாரையோ இடுப்பில் தூக்கி வளர்த்தவளாக இருக்கலாம்.

அந்தக் காம்பவுண்டில் இருந்தவர்களில், எல்லோரையும் அடையாளம் காட்டக்கூடியவர் இப்போது உங்கள் அம்மா ஒருவர்தான். அவருக்குக் கண் தெரிகிற வரைக்கும், நினைவு இருக்கிற வரைக்கும்தான் நமக்கு அவகாசம். இதை நேராகச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

அதனால் கொஞ்சம் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். போனில் காட்டாதே, அவர் விரல் பட்டதும் படம் நகர்ந்துவிடும், எரிச்சலாகிவிடுவார். கையில் காகிதமாகக் கொடு. "இது யார், அது யார்" என்று பரீட்சை வைக்காதே. பெயர் வராவிட்டால் அவர் மனம் கஷ்டப்படும். "இது எந்த வீட்டு வாசல்? அன்றைக்கு என்ன விசேஷம்?" என்று ஆரம்பித்துவிட்டு நீ வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு அது கஷ்டம்தான், தெரியும். போனில் ரெக்கார்டரைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடு. படத்தின் பின்னால் எண் போட்டிருக்கிறேன், பேச ஆரம்பிக்கும்போது அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடு. பிறகு கேட்டு நான் எழுதிக்கொள்கிறேன். ஏதாவது ஒரிஜினல் உன் கையில் இருந்து அதில் எழுத வேண்டியிருந்தால், பேனாவை அழுத்தாதே, முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சிலால் ஓரமாக எழுது. வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்குக் கவர்மேல் எழுது. முழுப் பெயர் எழுது. சித்தி, மாமா என்று மட்டும் எழுதினால் நம் பேத்திகளுக்குப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று. வருஷா வருஷம் எடுப்போமே, அந்தப் படிக்கட்டு போட்டோ, அதை மீண்டும் ஆரம்பிக்கப் போகிறேன். பெரியவர்கள் மேல்படியில், அப்புறம் வயசு வரிசை, கடைசியில் நாம் வாண்டுகள். வீடு கைமாறியதும் விட்டுப்போய்விட்டது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு வருஷமும் நாம் ஒவ்வொரு படியாக மேலே ஏறியிருக்கிறோம். உங்கள் அம்மா நடுப்படியிலிருந்து மேலே வந்தது தெரிகிறது. இப்போது படிக்கட்டு இல்லை என்று இவர் சொன்னார். நாற்காலி, ஸ்டூல், தரை போதாதா? வரிசைதான் முக்கியம். விடுமுறையில் எல்லோரும் வரும்போது எடுத்துவிடுவோம், அன்றைக்கே பின்னால் பெயரும் எழுதிவிடுவோம். நீயும் உன் பிள்ளைகளும் கட்டாயம் வர வேண்டும். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்.

அம்மாவுக்கு முதலில் எட்டாம் எண் படத்தைக் காட்டு. மேல்படியில் வலது கோடியில் ஒரு பெண், இரட்டைப் பின்னல், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்திருக்கிறாள், பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வேறு எந்தப் படத்திலும் அவள் இல்லை. அவள் பெயர் தெரிந்தால் ரெக்கார்டிங் வரும்வரை காத்திருக்காதே, உடனே போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

உன்,
கமலா